இனவெறியால் காயப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு கெஸ்டால்ட் சிகிச்சை உதவுமா?

கெஸ்டால்ட் என்பது, இந்த நொடியில் உடம்பிலும் மனசிலும் என்ன நடக்கிறது என்று கவனிக்க வைக்கும் ஒரு மனநல சிகிச்சை முறை. அது உதவும். ஆனால் சிகிச்சை தருபவர் இனவெறியை அந்தப் பெண்ணின் மனசுக்குள் இருக்கும் கோளாறாகப் பார்க்கக் கூடாது. லண்டனில் மனநல ஆலோசகர் பயிற்சியில் இருந்தபோது கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஜமைக்கா வம்சாவளித் தோழி ஒருத்தி இருந்தாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அலுவலகத்தில் ஒருவர் கேட்காமலேயே தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்த கதையை ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆசிரியை, "உன் வலது கை என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்டார். குனிந்து பார்த்தாள். வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. விரலை எடுத்ததும் நகம் பதிந்த பள்ளம் தெரிந்தது.

வெளியே போக வேண்டிய கோபம் சொந்த உடம்பின் மேலேயே திரும்புவதை கெஸ்டால்டில் முக்கியமாகக் கவனிப்பார்கள். இன்னொன்று, மெல்லாமல் விழுங்குவது. 'கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள், அழமாட்டாள்' என்று ஊர் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டு, அதையே தன் குணம் என்று நம்புவது. இந்தச் சாப்பாட்டு உவமை, கெஸ்டால்ட் சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸுடையது. ஹிட்லருக்குத் தப்பி ஓடிய யூதர் அவர். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதுதான் இதை எழுதினார்.

அடுத்து காலி நாற்காலி. முடியைத் தொட்டவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார்கள். "நல்லா கத்து" என்று ஒருவர் உற்சாகப்படுத்தினார். அவள் திரும்பி, "நான் கத்தினால் 'கோபக்காரக் கறுப்புப் பொம்பளை' என்று முத்திரை குத்திவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டதால்தான் என் வேலை தப்பியது" என்றாள்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். அந்த அடக்கம் வியாதி இல்லை, பிழைப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி. அறுபதுகளில் கலிபோர்னியாவின் எசலன் பயிற்சி மையத்தில் பெர்ல்ஸ் பரப்பிய பாணி, 'உன் உணர்வுக்கு நீயே பொறுப்பு' என்பதை மிகவும் அழுத்தியது. இவளிடம் அதைச் சொன்னால் பழி மறுபடியும் இவள் தலையில்தான் விழும். ஆனால் ஹெஃபர்லைன், குட்மேனோடு சேர்ந்து 1951இல் அவர் வெளியிட்ட அடிப்படை நூல், மனிதரைச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது என்கிறது. நான் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

எங்கள் ஆசிரியை வெள்ளைக்காரர். "என்னிடமும் அடக்கிப் பேசுகிறாயா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றாள், யோசிக்காமல். நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு அன்று மிச்ச நேரம் முழுக்க அதைத்தான் பேசினார்கள்.

நீங்கள் சிகிச்சையாளரைத் தேடுகிறீர்கள் என்றால், முதல் சந்திப்பிலேயே இனவெறி பற்றிப் பேச்செடுங்கள். உடனே "அவர் அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டார்" என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.