டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பழைய பதிப்பா, புதியதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது வீரராகவோ மந்திரவாதியாகவோ நடித்து, தாயக்கட்டை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. திருகோணமலையில் அதைப் புதிதாக விளையாடத் தொடங்கும் நாலு பேருக்கு 1989இன் இரண்டாம் பதிப்பு நல்லதா, 2014இன் ஐந்தாம் பதிப்பு நல்லதா என்று கேட்கிறீர்கள். ஐந்தாவதையே எடுங்கள்.

பழையதில், ஒருவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் கவச எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடும். உங்கள் தாக்கு எண் (கவசம் 0 உள்ளவரை அடிக்க விழவேண்டிய எண்) 18, எதிரியின் கவச எண் 5 என்றால், அடி பட இருபது முகத் தாயக்கட்டையில் 13 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் இந்தக் கழித்தல்! புதியதில் விழுந்ததோடு உங்கள் திறமைக்கான கூட்டெண்ணைச் சேர்த்து, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி பட்டது.

ஆனால் சாவுப் பயம் பழையதில்தான். முதல் மட்ட மந்திரவாதிக்கு வழமையாக ஒரு மந்திரம், நாலு முகக் கட்டையில் விழும் அளவு உயிர். சிலருக்கு அதுதான் ருசி.

அப்புறம், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். கொழும்பிலிருந்து புத்தகம் வரக் காத்திருக்க வேண்டாம்.