தாய்ப்பால் ஆலோசகர் ஆக விரும்பும் காரைக்குடித் தாய்க்கு

பால் கொடுக்க நீங்கள் பட்ட சிரமமும் அதிலிருந்து மீண்டதும் இந்தத் தொழிலுக்கு வர நல்ல காரணங்கள். ஆனால் தகுதிக் கணக்கில் அந்த அனுபவம் ஒரு மணி நேரமாகக்கூடச் சேராது. ஐபிசிஎல்சி என்னும் சர்வதேசத் தாய்ப்பால் ஆலோசகர் சான்றிதழைத் தரும் ஐபிஎல்சிஇ வாரியம், சொந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்த காலத்தையும் உறவினர், தோழிகளுக்கு உதவிய நேரத்தையும் ஏற்பதில்லை.

நர்ஸ், டாக்டர் போன்றோருக்குக் கடைசி 5 ஆண்டுக்குள் தாய்ப்பால் ஆலோசனையில் 1,000 மணி நேரப் பணி வேண்டும். பி.காம் முடித்த உங்களுக்குப் பொருந்துவது வாரியம் வைத்திருக்கும் மூன்று வழிகளில் மூன்றாவது. உடற்கூறியல், ஊட்டச்சத்து, உளவியல் உட்பட 14 பாடங்கள், தாய்ப்பால் குறித்து 90 மணி நேர வகுப்பு, தாய்மாரிடம் பேசும் முறைக்கு 5 மணி நேரம், சான்றிதழ் பெற்ற ஆலோசகரின் நேரடி மேற்பார்வையில் 500 மணி நேரம். பிறகு 175 கேள்விகள் கொண்ட தேர்வு.

பலரும் தடுக்கி விழுவது அந்த 500-இல்தான். ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, அப்புறம் வழிகாட்டியைத் தேடுகிறார்கள். முதலில் ஆளைப் பிடியுங்கள். காரைக்குடி, தேவகோட்டையில் கிடைக்காவிட்டால் மதுரை, திருச்சியில் விசாரியுங்கள். வாரம் 2 நாள், நாளுக்கு 4 மணி நேரம் போனாலும் 63 வாரம் ஆகும். கைக்குழந்தையோடு அது முடியுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். பயிற்சித் திட்டத்துக்கு வாரியம் ஒப்புதல் தந்த பிறகே மணிக்கணக்கைத் தொடங்க வேண்டும்.

நம் ஊரில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது, "பால் ஊறலையே" என்பதுதான். முதல் இரண்டு நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். மூன்றாம் நாள் வாக்கில் பால் நிறைய ஊறத் தொடங்கும். அந்த இடைவெளியில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் பவுடர் பாலும் நுழைகின்றன. வயிறு நிறைந்த குழந்தை சப்பாது. சப்பாவிட்டால் பால் இன்னும் குறையும். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும், பாலும் இறங்காது. வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போக வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினம் 6 முறையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். மருந்து சொல்வது உங்கள் வேலை இல்லை.

ஆச்சியிடம் சண்டை போடாதீர்கள். பூண்டும் பால்சுறாப் புட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்; சர்க்கரைத் தண்ணீரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்குக் கைகொடுத்த நிலையிலேயே எல்லாத் தாயையும் உட்கார வைக்கும் ஆசை வரும். அதையும் அடக்குங்கள்.

வருமானத்தில் நிதானம் வேண்டும். இந்தச் சான்றிதழ் அரசு உரிமம் அல்ல. சிற்றூர் மருத்துவமனைகள் இதற்கென்று தனி ஆள் போடுவது அரிது. மகப்பேறு டாக்டர்கள் அனுப்பும் தாய்மாரை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதில்தான் தொடங்க முடியும். சான்றிதழை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பவுடர் பால் கம்பெனி இலவசப் பயிற்சிக்கு அழைத்தால் போகாதீர்கள்: தாய்-சேய் நலப் பணியாளருக்குப் பரிசு தருவதையும் பயிற்சிக்குப் பணம் போடுவதையும் குழந்தைகளுக்கான பவுடர் பால் விற்பனையைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இல் வந்த திருத்தமும் தடை செய்கின்றன.