பழைய சிந்தசைசரின் ரேம் கார்டு: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: என்னிடம் கோர்க் எம்1 சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் நானே உருவாக்கிய ஒலிகளை இரண்டு ரேம் கார்டுகளில் சேமித்து வைத்தேன். ஒன்று இன்னும் திறக்கிறது, ஆனால் கார்டின் பேட்டரி குறைந்துவிட்டதாகத் திரையில் எச்சரிக்கை வருகிறது. இன்னொன்றைச் செருகினால் ஒலிப் பெயர்கள் வர வேண்டிய இடத்தில் கன்னாபின்னாவென்று எழுத்துகள். பழுதுபார்ப்பவர் ஒருவர் 'டேட்டா ரெக்கவரி' செய்து தருவதாகவும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். வேறொருவர் யூஎஸ்பி கார்டு ரீடர் வாங்கினாலே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அதைவிட அவசரமான வேலை, திறக்கிற கார்டின் பேட்டரியை யாரும் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது. அந்தக் கார்டுக்குள் இருப்பது எஸ்ரேம் வகைச் சிப். மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு ஞாபகம். அந்த மின்சாரத்தைக் கொடுப்பது ஓரத்தில் செருகியிருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. கார்டு வெளியே இருக்கும்போது 'புதுசு போட்டுப் பார்ப்போம்' என்று அதை உருவினால், உங்கள் ஒலிகள் அப்போதே போய்விடும்.

எனவே முதலில் உள்ளே இருப்பதைக் கணினிக்கு நகலெடுங்கள். பேட்டரி மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம். இதற்கு நீங்கள் வாங்க வேண்டியது ஒரு யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் மட்டும்தான். மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை, இன்டர்ஃபேஸ் அவற்றை இணைக்கும் கருவி. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெயர் தெரியாத மலிவான மிடி கேபிள்கள் கீபோர்டு வாசிப்பை ஒழுங்காக அனுப்பும். நீளமான சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் (சுருக்கமாக சிஸ்எக்ஸ்) செய்தி வந்தால் சிலது நடுவில் பைட்டுகளை விழுங்கிவிடும், அதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் காட்டாது. ஒலிகள் வெளியே வருவது அந்தச் செய்தி வழியாகத்தான். வாங்கும்போது 'சிஸ்எக்ஸ் முழுதாகப் போகுமா, போகாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குச் செலவில்லை. விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன், இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன.

வரிசை முக்கியம். கார்டில் எழுதுவதைத் தடுக்கும் சின்னப் பொத்தானை 'ப்ரொடெக்ட்' பக்கம் தள்ளிவிட்டுச் செருகுங்கள். கார்டிலிருந்து ஏற்றினால் எம்1-இன் உள் நினைவகத்தில் இப்போது இருக்கும் ஒலிகள் அழிந்துவிடும். அதனால் அவற்றை முதலில் கணினிக்கு அனுப்பிச் சேமித்துவிடுங்கள். அந்த நினைவகத்தை 100 ப்ரோகிராம் (தனி ஒலி), 100 காம்பினேஷன் (ஒலிகளின் கூட்டு) என்று பிரிக்கலாம், அல்லது வாசிப்பைப் பதிந்து வைக்கும் சீக்வென்சருக்குக் கூடுதல் இடம் விட்டு 50-50 ஆக வைக்கலாம். கார்டில் எழுதிய காலத்தில் எந்தப் பிரிப்பு இருந்ததோ அதையே வைத்துவிட்டு, நினைவகப் பாதுகாப்பை விலக்கி, கார்டை உள்ளே ஏற்றுங்கள். பிறகு குளோபல் பகுதியில் மிடி டேட்டா டம்ப், அதாவது உள்ளே இருப்பதை மிடி வழியாக அனுப்பும் கட்டளையைக் கொடுங்கள். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட்தான் என்றாலும் தகவலும் சின்னது. ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

முடிந்ததென்று எழுந்து போய்விடாதீர்கள். அதையே இரண்டாம் முறை அனுப்பி, இரண்டு கோப்புகளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் தொடக்கம் எஃப்0, அடுத்தது கோர்க்கின் எண்ணான 42, கடைசி பைட் எஃப்7 என்று இருக்க வேண்டும். எஃப்7 இல்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் இன்டர்ஃபேஸ்தான் குற்றவாளி. எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கோப்பை எம்1-க்கே திருப்பி அனுப்பி வாசித்துப் பாருங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்காத நகலை நான் நகல் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு அப்புறம் பேட்டரி. கார்டு சிந்தசைசரில் செருகியிருக்க வேண்டும், சிந்தசைசர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மாற்றுகிற அந்தச் சில நொடிக்கும் கார்டுக்கு மின்சாரம் கிடைக்கும். பேட்டரி எண் கார்டிலேயே அச்சாகியிருக்கும். பழைய பேட்டரி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ, புதியதும் அதே பக்கம்.

இன்னொரு விஷயம். கார்டில் இருப்பது ஒலிப்பதிவு அல்ல. எந்த அலைவடிவத்தை எடுக்க வேண்டும், ஃபில்டரை எவ்வளவு திறக்க வேண்டும் என்கிற எண்கள்தான். அந்தக் காலத்தில் நீங்கள் கூடுதல் அலைவடிவங்களைத் தரும் தனி பிசிஎம் கார்டு ஒன்றும் வைத்திருந்தால், அதன் அலைவடிவங்களை நம்பிச் செய்த ஒலிகள் அது இல்லாமல் ஊமையாகத்தான் இருக்கும். சில ஒலிகள் கேட்கவில்லை என்று பதறுவதற்கு முன்னால் பழைய பெட்டியில் அந்தக் கார்டைத் தேடுங்கள்.

இரண்டாவது கார்டுக்கு வருவோம். தொடர்புத் தகடுகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் மறுபடி செருகிப் பாருங்கள். வேறு மாடலில் எழுதிய கார்டாக இருந்தாலும் இப்படிப் பிதற்றும். திரை 'ஃபார்மேட்' கேட்டால் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இத்தனைக்கும் பிறகும் அதே குப்பைதான் என்றால் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் அழித்த கோப்பு தடம் விட்டுப் போகும், அதைத் தோண்டி எடுக்கலாம். மின்சாரம் போன எஸ்ரேமில் தோண்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. அதை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம், 'என் ஒலிப் பெயர்களைத் திரையில் காட்டுங்கள், அந்த இடத்திலேயே பணம் தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுப்பது சந்தேகம்தான்.

பணத்துக்குப் பதில் கொஞ்சம் தேடலில் இறங்கலாம். அப்போது பலர் பாட்டின் தொடக்கத்திலேயே ஒலித் தகவலையும் சீக்வென்சரில் பதிந்து வைப்பார்கள். அலெசிஸ் டேட்டாடிஸ்க் போன்ற பெட்டியில் ஃப்ளாப்பிக்கு அனுப்பி வைத்தவர்களும் உண்டு. உங்களிடம் பழைய ஃப்ளாப்பிகள் இருந்தால், தொலைந்த ஒலிகள் அவற்றில் இருக்கலாம்.

கார்டு ரீடர் யோசனை? கணினிக் கடையில் விற்கும் ரீடர்களில் இந்தக் கார்டு பொருந்தவே பொருந்தாது. உங்கள் எம்1-தான் உங்கள் ரீடர்.

கேள்வி: ரோலண்டு டி-50க்கு எம்-256டி ரேம் கார்டு ஒன்று பழைய பொருள் விற்பனையில் வந்திருக்கிறது. '256 எம்பி, சோதித்தது' என்று விளம்பரம். வாங்கலாமா?

பதில்: 256 என்பது கிலோபிட், அதாவது 32 கிலோபைட். எம்பி என்று எழுதியவர் அதை என்ன சோதித்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கார்டைச் செருகி, எழுதி, சிந்தசைசரிலிருந்து உருவி, மறுநாள் படித்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். பேட்டரி வழிந்த கறை இருந்தால் வேண்டாம். பேட்டரியே தேவைப்படாத எஃப்ராம் சிப் வைத்த புதிய கார்டுகளும் இப்போது விற்கிறார்கள். டி-50இலேயே ஓட்டிப் பார்த்தது என்று விற்பவர் எழுதித் தந்தால், பழையதைவிட நான் அதைத்தான் வாங்குவேன்.

கேள்வி: யமஹா டிஎக்ஸ்7-ஐ எப்போதோ விற்றுவிட்டேன், கார்ட்ரிட்ஜ் மட்டும் கையில் இருக்கிறது. ஒலிகளை எடுக்க இன்னொரு டிஎக்ஸ்7 வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு இரவல் போதும். கார்ட்ரிட்ஜை ஏற்றினால் இரவல் தருபவரின் கருவியில் இருக்கும் 32 ஒலிகள் அழியும், அதனால் முதலில் அவருடையதைக் கணினியில் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 8-ஐ அழுத்திக்கொண்டே போனால் 'சிஸ் இன்ஃபோ' வரும், அதை 'அவைல்' என்று மாற்றினால்தான் அனுப்பும் வசதியே கண்ணில் படும். 32 ஒலிகளும் சேர்ந்து வரும் கோப்பு சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும். அதைத் திறக்க வேண்டியது, டிஎக்ஸ்7 போலவே கணினியில் ஒலிக்கும் டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளில். அதன் பிறகு உங்கள் ஒலிகளை வாசிக்க டிஎக்ஸ்7 தேவையில்லை.