ஊசிக்கு முன் ரத்தம் எடுத்தார்களா?

மன்னார்குடி பக்கத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் வீட்டுக்காரருக்கு 54 வயது. ரெண்டு பாதமும் எரிச்சல், மதமதப்பு. செருப்பு கழன்றதுகூடத் தெரிவதில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 108. நரம்பு டெஸ்ட் நார்மல். பத்து ஊசி போட்டும் கேட்கவில்லை. காரணம் தெரியாது என்கிறார்களே?"

முதலில் அந்தப் பத்து ஊசி. நரம்பு ஊசி என்று போடுவது பெரும்பாலும் பி12 வைட்டமின். போட்ட பிறகு ரத்தம் பார்த்தால் பி12 எக்கச்சக்கமாகத்தான் காட்டும். முன்பு குறைந்திருந்ததா என்பது அதில் தெரியாது. பழைய ரத்தச் சீட்டைத் தேடுங்கள். அதில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 100-ஐத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே சத்து மாத்திரை விழுங்குகிறாரா? அட்டையின் பின்னால் பைரிடாக்சின் (பி6 வைட்டமின்) 50, 100 மில்லிகிராம் என்று இருந்தால், அதை மாதக்கணக்கில் சாப்பிடுவதே நரம்பைக் கெடுக்கலாம். மருந்துக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

108 என்பது நார்மல் இல்லை. 100 முதல் 125 வரை சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது என்று பொருள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

நரம்பில் மின்துடிப்பு ஓடுவதைப் பார்க்கும் நரம்பு டெஸ்ட், தடித்த நரம்பு இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழை அதில் சிக்காது. பி12 குறைவு தண்டுவடத்தைத் தாக்கினாலும் டெஸ்ட் நார்மலாக வரலாம். கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறாரா? நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரிகிறதா? தள்ளாடினாலோ அதிர்வு தெரியாவிட்டாலோ தண்டுவடத்தையும் சந்தேகிக்க வேண்டும். மருத்துவருக்கு இது ஒரு நிமிட வேலை. பாதத்தைத் தொடாமலே சீட்டு எழுதும் அவசரத்தில் இதற்கு நேரம் ஏது?

வயலுக்கு மருந்தடித்ததால்தான் என்று ஊரே சொல்லும். நிறைய உள்ளே போய் மயங்கி விழுந்தவருக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் பலம் இழப்பதுதான் நன்கு தெரிந்த வகை. அதைவிட, பெயர் எழுதாத செந்தூர (நாட்டு மருந்து) பொட்டலத்தைச் சந்தேகியுங்கள். ஈயமோ பாஷாணமோ (ஆர்சனிக்) கலந்திருந்தால் நரம்பு போகும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மருந்து உண்டு. குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள்.

லேப் ஏஜென்ட் விற்கும் 'முழு உடல் பேக்கேஜ்' வேண்டாம். அதில் அறுபது சோதனை இருக்கும்; இப்படி எரிச்சலோடு வரும் ஐம்பது தாண்டியவருக்குத் தேவையான சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) பெரும்பாலும் இருக்காது. அதையும் தைராய்டு, கிரியாட்டினினையும் (சிறுநீரகச் சோதனை) தனியாகக் கேளுங்கள். பிறகு எல்லாச் சீட்டோடும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி நரம்பியல் பிரிவுக்குப் போங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. சில நாட்களுக்குள் கால் பலம் குறைந்து, அது தொடை, கை என்று மேலேறினால் அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.