கறுப்புப் புகையும் கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே நோய்தான். பழைய பெட்ரோல் பிக்கப், பின்னால் கறுப்புப் புகை, வண்டிக்குள் பெட்ரோல் வாடை, வாரத்தில் மூன்று முறை பெட்ரோல் அடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனது பிக்கப் 1999 மாடல், இ.எஃப்.ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் வகை). கறுப்புப் புகை நிற்கவில்லை. எக்ஸாஸ்ட் பைப்பிலுள்ள ஆக்சிஜன் சென்சாரை இரண்டு முறை மாற்றியாயிற்று. அடுத்து ஈ.சி.யூவை (இன்ஜின் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணே? (பட்டர்வொர்த் வாசகர்)

வேண்டாம். காசு பையிலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், 'இன்ஜின் எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும், அந்தத் தொல்லை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்லையே அதுதான்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. இன்ஜின் ஒருமுறை சூடேறிவிட்டால் போதும், சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிந்துவிடுவார்கள். 'இந்த வெயிலுக்கு இது எதற்கு?' என்பார்கள். கார்புரேட்டர் வண்டியில் அது பெரிதாகத் தெரியவில்லை. இ.எஃப்.ஐ அப்படியில்லை. இன்ஜினைச் சுற்றும் தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் ஈ.சி.யூ பெட்ரோலை அளக்கிறது. சூடு ஏறாவிட்டால், காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்த இன்ஜின் என்றே நினைத்துக் கூடுதலாக ஊற்றும். நாள் முழுக்க சோக் இழுத்தபடி ஓட்டுவது மாதிரி. அந்த நிலையில் எத்தனை ஆக்சிஜன் சென்சார் மாற்றினாலும், பல வண்டிகளில் ஈ.சி.யூ அதன் பேச்சைக் கேட்கவே கேட்காது.

முதலில் சரியான சூட்டில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். பல ஜப்பானிய இன்ஜின்களுக்கு அது 82 டிகிரி. அப்புறம் தண்ணீர் சென்சார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒற்றை வயர் உள்ளது பெரும்பாலும் டாஷ்போர்டு முள்ளுக்கு, இரண்டு வயர் உள்ளதுதான் ஈ.சி.யூவுக்கு. இரண்டாவதைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். பல ஜப்பானிய வண்டிகளில் 20 டிகிரி தண்ணீரில் 2 முதல் 3 கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓமுக்கு இறங்கும். சூடான தண்ணீரிலும் இறங்கவில்லை என்றால் சென்சார் போய்விட்டது.

மீட்டர் சரியாகக் காட்டினால் சென்சாரின் வயர் பிளக்கையும் பாருங்கள். போன மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஒரு வண்டியில் சென்சார் புத்தம்புதிது. ஆனால் பிளக்கின் ரப்பரை விலக்கினால் உள்ளே ஒரு பின் பச்சை பூத்து, கிள்ளினால் உதிர்ந்தது. அந்தப் பச்சை கூட்டும் ஓம், ஈ.சி.யூவுக்குக் குளிர்ந்த தண்ணீராகத் தெரிகிறது. பின்னை மாற்றினேன், அன்று மாலையே புகை நின்றது. அந்த வண்டிக்காரர் அதற்கு முன் செலவழித்த தொகையைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. தே தாரேக் குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. ஆனதும் குப்பென்று கறுப்புப் புகை. (நிபோங் தெபால்)

நிறுத்திய பிறகும் எங்கோ பெட்ரோல் சொட்டுகிறது. அடுத்த முறை ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். பெரும்பாலான இ.எஃப்.ஐ இன்ஜின்கள் அப்போது பெட்ரோலை நிறுத்தும் அல்லது குறைக்கும். அப்படிச் செய்து ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதி.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான பெட்ரோல் ரெயிலின் முனையில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரெஷர் ரெகுலேட்டர் இருக்கும். அதிலிருந்து இன்டேக்குக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியில் தட்டுங்கள். ஒரே ஒரு துளி பெட்ரோல் விழுந்தாலும் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. குழாய் காய்ந்திருந்தால் கேஜ் போட்டு, இன்ஜினை நிறுத்திய பின் அழுத்தம் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மளமளவென விழுந்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம், பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வும் போயிருக்கலாம். பொத்தோங் கடையில் (பழைய உதிரிபாகக் கடை) பழைய இன்ஜெக்டர் வாங்காதீர்கள். அதுவும் இதே வயதுதான்.

அமெரிக்காவிலிருந்து வந்த 1992 செவர்லே பிக்கப், 5.7 லிட்டர் வி8. இங்கே ஸ்கேனர் ஏறவில்லை என்கிறார்கள். (செந்தூல், கோலாலம்பூர்)

அதற்கு ஸ்கேனரே வேண்டாம். டாஷ்போர்டுக்கு அடியில் 12 முனை கொண்ட பிளக் இருக்கும். இன்ஜின் ஓடாமல், சாவி ஆன் நிலையில் ஏ, பி முனைகளை ஒரு வயரால் இணைத்தால் டாஷ்போர்டின் இன்ஜின் லைட் கண் சிமிட்டும், அதை எண்ணுங்கள்: ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. முதலில் 12 மூன்று முறை வரும், அது சோதனை முறை வேலை செய்கிறது என்று மட்டும் அர்த்தம். அப்புறம் 45 வந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். 15 வந்தால் தண்ணீர் சென்சார் அளவுக்கு மீறிய குளிர் காட்டுகிறது.

இந்த டி.பி.ஐ (த்ராட்டில் பாடியிலேயே பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜினில் எனக்குப் பிடித்த விஷயம், ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தால் இரண்டு இன்ஜெக்டரும் கண் முன்னே தெரியும். சாவியை ஆன் செய்து, பம்ப் ஓசை நின்றதும் டார்ச் அடியுங்கள். சொட்டு விழக் கூடாது. அழுத்தம் 9 முதல் 13 பி.எஸ்.ஐ. இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் மலை ஏறுகிற வண்டி என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் புகை போகுமா?

பெரும்பாலும் போகாது. அது கார்புரேட்டர் காலத்து மருந்து. அழுக்காக இருந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

ஸ்கேனர் 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்கிறது, ஆனால் ஸ்பார்க் பிளக்கெல்லாம் காய்ந்த கரி. எது உண்மை? (புக்கிட் மெர்தாஜாம்)

கரிதான் உண்மை, பெட்ரோல் அதிகம்தான். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் பைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் அதன் ஆக்சிஜன் அப்படியே வெளியே போகும். சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். 'குறைவு' என்று அது சொல்ல, ஈ.சி.யூ மேலும் ஊற்றும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரம் 'டிக் டிக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஸ்பார்க் பிளக் வயர்களையும் சோதியுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் கூடியிருக்கிறது, பெட்ரோல் வாடை. கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி இளகிவிடும், பேரிங் தேயும். முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடையுங்கள், அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் புது ஆயிலும் சில நாளில் அதே வாடை அடிக்கும்.