'நார்மல்தான் மேடம்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்

கேள்வி: ஐயா, நான் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. இரண்டரை வருடங்களுக்கு முன்பு பதினொன்றரை லட்சம் ரூபாய்க்கு ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினோம். 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எல்லா சர்வீஸும் வாங்கிய இடத்தில்தான். போன மாதம் மதுரைக்குப் போகும்போது எலியார்பத்தி சுங்கச்சாவடியில் பிரேக் பிடித்தவுடன், எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கு மின்னி மறைந்தது. மதுரையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் நுனியில்கூட ஆயில் இல்லை. மேல் குறிவரை வர 1.9 லிட்டர் பிடித்தது. அதற்கு முந்தைய சர்வீஸ் முடிந்து 3,800 கி.மீ.தான் ஆகியிருந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஷோரூமுக்கு மூன்று முறை போய்விட்டேன். 'டர்போ வண்டி கொஞ்சம் குடிக்கும், நார்மல்தான் மேடம்' என்று காரைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிறார்கள். இன்னும் ஆறு மாதம் வாரண்டி இருக்கிறது. வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மா, முதலில் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஆயில் அளவைக் காட்டும் விளக்கு அல்ல, ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. பிரேக் பிடித்ததும் அடியில் மிச்சமிருந்த ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பம்ப்பின் உறிஞ்சுவாய் ஒரு நொடி காற்றைக் குடித்திருக்கும். இனி ஒருமுறை எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த பெட்ரோல் பங்க்வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டியவர்களின் தேய்ந்துபோன கிராங்க் ஷாப்ட்டுகளைக் கையில் வைத்துப் பார்த்தவன் நான்.

இப்போது ஓர் ஒப்புதல். ஷெட் போட்டு உட்காருவதற்கு முன்பு இருபத்துநான்கு வருடம் கம்பெனி சர்வீஸ் நிலையங்களில் வேலை பார்த்தேன். 'நார்மல்தான்' என்ற சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. வாரண்டியில் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமென்றால் கார் கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாமல் பிரித்தால் கூலியும் உதிரிபாகச் செலவும் டீலரின் தலையில் விழும். 'ஆயில் குறைகிறது' என்று வாயால் சொல்லும் வாடிக்கையாளரிடம் காகிதம் ஏது? ஆகவே 'நார்மல்'. அந்தச் சொல்லுக்குச் செலவே கிடையாது.

அந்தச் சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். நாலாவது முறை வந்தபோது கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். தேதி, ஓடிய கி.மீ., ஆயில் நின்ற இடம், ஊற்றிய அளவு என்று பதினான்கு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிப்ஸ்டிக்கைப் பென்சிலால் வரைந்து, ஆயில் நின்ற உயரம்வரை நிழலடித்திருந்தார். வாங்கிய ஆயில் டப்பாக்களின் ரசீதுகளைப் பின் அட்டையில் ஒட்டியிருந்தார். ஒர்க்ஸ் மேனேஜர் எதுவும் பேசாமல் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் கம்பெனி அதிகாரி வந்தபோது அதுதான் முதல் ஃபைல். இரண்டே வாரத்தில் ஆயில் மேலே ஏறி எரியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கை மாற்ற அனுமதி வந்தது. எங்கள் ஆட்களிடம் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

நீங்களும் நோட்டு போடுங்கள். பார்க்கிற முறை முக்கியம். சமதளமான ஒரே இடம். வண்டி ஓடி நின்று பத்து நிமிடம் கழித்து. துடைத்து, செருகி, இரண்டாவது முறை எடுக்கும்போது தெரியும் அளவு. காலையில் ஒருநாள், மாலையில் ஒருநாள் என்று பார்த்தால் உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கையும் கி.மீ. காட்டும் மீட்டரையும் படம் எடுத்து வையுங்கள்.

தினமும் பள்ளிக்குப் பக்கத்திலேயே போய் வருகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். இன்ஜின் முழுச் சூடு ஏறும் முன்பே அணைக்கிற ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் சிறிது சிறிதாக ஆயிலில் இறங்கும். உள்ளே ஆயில் குறைந்துகொண்டிருக்க, பெட்ரோல் அந்த இடத்தை நிரப்பி, டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும். ஒருநாள் நாலுவழிச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓடினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும், உண்மை அளவு தெரிந்துவிடும். உங்களுக்கு மதுரைப் பாதையில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். மூன்று முறை போனீர்களே, அந்த மூன்று ஜாப் கார்டுகளிலும் உங்கள் புகார் என்ன என்று எழுதியிருக்கிறது? எடுத்துப் பாருங்கள். 'பொது பரிசோதனை, வாட்டர் வாஷ்' என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் காருக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த முறை '3,800 கி.மீ.க்கு 1.9 லிட்டர் ஆயில் குறைந்தது, ஆயில் நுகர்வு சோதனை செய்து தரவும்' என்று உங்கள் கண்முன்னே எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாரண்டிக்குள் பதிவான புகார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆறு மாதத்தை வாய்ப்பேச்சில் கரைத்துவிட வேண்டாம்.

அந்தச் சோதனை பெரிய வித்தை அல்ல. புது ஆயில், புது பில்டர் போட்டு மேல் குறிவரை நிரப்புவார்கள். அடிப்பக்க ட்ரெயின் போல்ட், பில்டர், ஆயில் ஊற்றும் மூடி, டிப்ஸ்டிக் ஆகியவற்றில் பெயின்ட் கோடோ சீலோ வைப்பார்கள். கி.மீ.யைக் குறித்துக்கொண்டு, 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள் என்பார்கள். திரும்பி வந்ததும் சீல் உடையவில்லை என்று பார்த்து, மேல் குறிக்கு வர எவ்வளவு பிடிக்கிறது என்று அளவுக் குடுவையில் அளப்பார்கள். சீல் வைக்கும்போதும் அளக்கும்போதும் பக்கத்தில் நில்லுங்கள், படம் எடுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம். ஏன் மறுக்கிறீர்கள் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் சோதனைக்கே ஒத்துக்கொள்வார்கள்.

'கையேட்டிலேயே 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை ஆகலாம் என்று இருக்கிறதே' என்று காட்டுவார்கள். பல கம்பெனிகளின் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது, சிலவற்றில் அரை லிட்டர். அந்த ஒரு லிட்டர் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றும் வண்டியில், நடுவே பத்து லிட்டர் ஊற்ற வேண்டும். இன்ஜின் பிடிப்பதோ நாலு லிட்டர் சொச்சம். இதை எழுதியது இன்ஜினியரா வக்கீலா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். உங்கள் கணக்கு 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர். டொயோட்டா அமெரிக்காவில் 2.4 லிட்டர் கேம்ரி இன்ஜின்களில் இதே புகார் வந்தபோது, 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) மேல் குறைந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தந்தது. நம் கணக்கில் அதுவும் 1,000 கி.மீ.க்கு ஏறத்தாழ அரை லிட்டர்தான். சுபாருவோ வழக்குக்குப் பிறகு 2016 சமரசத்தில், குறிப்பிட்ட மாடல்களுக்கு 5 வருடம், 60,000 மைல் என்றிருந்த வாரண்டியை 8 வருடம், 1,00,000 மைல் என்று நீட்டியது. இவை அங்கே உள்ள வாடிக்கையாளருக்கு மட்டும்தான், உங்கள் காருக்குப் பொருந்தாது. ஆனால் 'உலகத்தில் யாருமே இதைக் குறை என்று சொன்னதில்லை' என்று எவராவது பேசினால் சொல்வதற்கு உதவும்.

காரணம் எதுவாக இருக்கும்? காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் பக்கம் சந்தேகம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்தால் பிஸ்டனில் உள்ள ஆயில் ரிங் கரி பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கலாம். டர்போவின் சீல் கசிந்தால் காற்றுக் குழாய்க்குள் ஆயில் தேங்கியிருக்கும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் காற்றுக் குழாய்க்கு அனுப்பும் பி.சி.வி. வால்வு என்று, பெரும்பாலும் விலை குறைந்த சமாசாரம் ஒன்று இருக்கிறது. அது கெட்டாலே இன்ஜின் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும், ஆகவே அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புகையே கண்ணில் படவில்லை என்பதற்காக எரியவில்லை என்று அர்த்தம் இல்லை. இந்தக் கால வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெருமளவு புகையை விழுங்கிவிடும். ஆயில் எரிய எரிய அதுவும் நாளடைவில் செத்துப்போகும், அதன் விலை வேறு.

சோதனை முடிவு கையில் வந்த பிறகும் அசையவில்லை என்றால், சர்வீஸ் அட்வைசரை விட்டுவிடுங்கள், அவர் பாவம். ஒர்க்ஸ் மேனேஜரிடம் போய், கம்பெனியின் ஏரியா சர்வீஸ் அதிகாரி எந்தத் தேதியில் வருகிறார் என்று கேட்டு, அன்றைக்கு வண்டியோடு போய் நில்லுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது தூத்துக்குடியிலேயே, வழக்குப் போடலாம். கார் கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. உங்கள் கார் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற கெடுவையும் மனதில் வையுங்கள். உற்பத்திக் குறைபாடு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதால், அங்கேயும் கை கொடுக்கப்போவது நோட்டும் ஜாப் கார்டும்தான்.

வேலை நடந்த பிறகு அதே 1,000 கி.மீ. சோதனையை மீண்டும் கேட்டு வாங்குங்கள். இன்ஜின் பிளாக்கையே மாற்றினால் இன்ஜின் எண் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் திருத்தம் செய்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். இதை எங்கள் ஆட்கள் மறந்தே போவார்கள்.

உங்கள் கணவரிடம் விற்பதை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குறையை மறைத்து விற்றால் இதே கடிதத்தை இன்னொருவர் எனக்கு எழுதுவார். மறைக்காமல் சொன்னால் விலை தேறாது.

கேள்வி: என் காரும் இப்படித்தான். கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் குறைவது நின்றுவிடும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். ஊற்றலாமா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: வாரண்டி முடிந்த பழைய வண்டியென்றால் உங்கள் பாடு, உங்கள் மெக்கானிக் பாடு. வாரண்டி இருந்தால் கூடவே கூடாது. கையேட்டில் 0டபிள்யூ-20 என்று எழுதியிருக்க, நீங்கள் வேறு ஊற்றியது தெரிந்த நிமிடமே 'தவறான ஆயில்' என்று ஃபைலை மூடிவிடுவார்கள். மெல்லிய ஆயிலுக்கென்று செய்த இன்ஜினில், குளிர்ந்திருக்கும்போது கெட்டி ஆயில் மேலே ஏறவும் தாமதமாகும். கடையில் விற்கும் 'புகை நிறுத்தும்' டப்பாக்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். பி.எஸ்.6 டீசல் கார். ஊற்றாமலே ஆயில் அளவு மேல் குறியைத் தாண்டி ஏறுகிறது. நல்லதுதானே?
— ஒரு வாசகர், சாத்தூர்

பதில்: இல்லை. உங்கள் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் சிலிண்டருக்குள் கூடுதல் டீசல் தெளிக்கப்படும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நிற்கும், தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் வந்து சேரும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கும். மேல் குறியைத் தாண்டிவிட்டதால் வண்டியை ஓட்டாமல், சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்து ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் 'ஆயில் அளவு கூடுகிறது' என்றே எழுத வேண்டும்.