பேனர் வேண்டாம், நோட்டு கொண்டு வாருங்கள்: ராமநாதபுரம் கரையில் மாணவர் தொண்டு

மன்னார் வளைகுடாப் பக்கமும் பாக் விரிகுடாப் பக்கமும் மாணவர் குழுக்களோடு அலைபவன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகள் இவை. தெரிந்தவரைக்கும் பதில் சொல்கிறேன்.

அண்ணே, நாங்கள் என்.எஸ்.எஸ். மாணவர்கள். குருசடைத் தீவுக்குப் போய் குப்பை அள்ளலாம் என்று இருக்கிறோம். படகு யாரிடம் கேட்க வேண்டும்? (ராமநாதபுரம்)

படகுக்கு முன்னால் அனுமதி வேண்டும் தம்பி. குருசடையும் சேர்த்து 21 தீவுகள் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பாம்பன், மண்டபம் கரையிலேயே ஆரம்பிக்கலாம். தீவில் ஒதுங்கும் குப்பையில் பாதி இங்கிருந்து போவதுதான் என்பது என் எண்ணம். கரையில் காய்ந்து குவிந்து கிடக்கும் கடற்புல்லை மட்டும் வாரிவிடாதீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அது குப்பை இல்லை. மணலைப் பிடித்து வைப்பதும், சின்னச் சின்னப் பூச்சிகளுக்கும் நண்டுக்கும் தீனியாவதும் அதுதான். நீங்கள் தேட வேண்டியது அறுந்த வலை. பாதி மணலில் புதைந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டாம். வெளியே தெரிவதைக் கத்தியால் அறுத்து எடுத்து, மணலிலேயே விரித்து உதறுங்கள். கண்ணியில் மாட்டிய நண்டு உயிரோடு இருக்கும். கொடுக்கைப் பிய்க்காமல் நூலை வெட்டி விடுங்கள்.

ஆமைக் குஞ்சு விடும்போது கையில் வைத்துப் படம் எடுக்கலாமா? (பரமக்குடி, கல்லூரி மாணவி)

கூடாதும்மா. கடலாமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். வன ஊழியர் சொல்லாமல் தொடவே கூடாது. குஞ்சு மணலில் தானே ஊர்ந்து கடலுக்குப் போகட்டும். நீங்கள் ஓரமாக நின்று பாருங்கள்.

உண்மையான வேலை குஞ்சு விடும் நாளில் இல்லை, அதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்னால் இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) தை, மாசி, பங்குனியில் முட்டையிட ஏறும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். நாயும் நரியும் தோண்டுவதற்குள் ஊழியர்கள் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அதுவும் இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுக்க வேண்டும். கரு ஓட்டோடு ஒட்டிய பிறகு முட்டை உருண்டால் கரு செத்துவிடும். அனுமதி வாங்கி இரவில் அவர்களோடு நடக்கிற மாணவர் செய்யக்கூடியது தடம் பார்ப்பது, இடத்தையும் நேரத்தையும் எழுதுவது. வெள்ளை டார்ச் வேண்டாம், சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். தூக்கம் கெடும், பல இரவுகள் ஒன்றுமே வராது. அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள்.

சார், சுற்றுச்சூழல் தினத்துக்கு ஆயிரம் அலையாத்திக் கன்று நட எங்கள் பள்ளி முடிவு செய்திருக்கிறது. ஆலோசனை? (திருவாடானை, ஆசிரியர்)

ஜூன் 5-இல் நம் மாவட்டத்தில் வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மழை ஐப்பசியில்தான். நடுவதற்கு முன் அலையாத்திக் காடு இருக்கும் காரங்காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அங்கே காடு தானே விதை போட்டு முளைக்கிறது. அலை நீர் ஏறி இறங்கும் வாய்க்கால் அடைபடாமல் இருந்தால் போதும். நீர் வராத இடத்தில் ஆயிரம் நட்டாலும் விறகுதான்.

இன்னொன்று: காலியாகத் தெரியும் சேற்றுப்பரப்பெல்லாம் காலி இடம் இல்லை. பூநாரைக்கும் உள்ளானுக்கும் அது சாப்பாட்டுத் தட்டு. அங்கே நட்டுவிடாதீர்கள். நடுவதென்றால் இருபது கன்று நட்டு, அடுத்த வருடம் எத்தனை பிழைத்தது என்று அதே பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது, பறவை பெயரும் தெரியாது. உதவ முடியுமா? (முதுகுளத்தூர், பிளஸ் டூ)

தாராளமாக. உங்கள் பக்கமே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் இருக்கின்றன. இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. தண்ணீர் நின்றால் கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் வரும். இந்த நாலை மட்டும் முதலில் பழகுங்கள். பறவைகளை எண்ணுவது இப்படி: கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவால் மற்றதை அளக்க வேண்டும். ஜனவரி கணக்கெடுப்புக்கு வனத்துறையே ஆள் தேடும். ‘கருவேல மரம் வெட்டுகிறோம்’ என்று மட்டும் கண்மாய்க்குள் இறங்காதீர்கள். கூடு இருப்பதே அந்த மரத்தில்தான்.

நான் கடலுக்குப் போகிறவன். ஆவுளியா (கடற்பசு) எங்கே மேயும் என்று எங்களுக்குத் தெரியும். காலேஜ் பிள்ளைகள் வந்து என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? (தொண்டி)

ஒன்றும் இல்லை அண்ணாச்சி. கேட்டு எழுதிக்கொள்ளத்தான் வர வேண்டும். உங்களுக்கு வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் கொடுத்திருக்கிறது. எந்த மாதம், எத்தனை பாகம் ஆழம், அடியில் புல்லா சேறா என்று நீங்கள் சொல்வதை ஒரு மாணவர் ஒழுங்காக எழுதி வைத்தால் அதுவே பெரிய வேலை. கருத்தரங்கு நடத்த வருகிறவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சான்றிதழ் கிடைக்குமா?

என்.எஸ்.எஸ். என்றால் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240. உங்கள் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு வேலையைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காலையில் நடக்கும்போது செத்த ஆமை கிடந்தது. புதைத்துவிடலாமா? (ஏர்வாடி)

வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்க்கட்டும். அதுவரை நாயை விரட்டுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று படம் எடுங்கள். துடுப்பில் வலை அறுத்த தழும்பு இருக்கிறதா, ஓடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தேதி, நேரம், இடம் எழுதுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.